கருத்துப் பந்துகள்

எங்கள் ஊரில் கடல் இருக்கிறது என்பதை மேலிடம் கண்டுபிடித்த ஆண்டு அது. அதுவரை அந்தக் கடலில் நாங்கள் மீன் பிடித்துக்கொண்டிருந்தோம். யாருக்கும் அது பெரிய விஷயமாகப் படவில்லை. கடலோர மேம்பாட்டு அலுவலகத்தார் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய கடல் பார்ப்பதற்கு ஆளில்லாமல் வீணாகிறதே என்று மிகவும் வருந்தினார்கள். வருத்தத்தோடு நிற்காமல் 'மீனவர் வாழ்வு காண் உயர்மேடை' என்று ஒரு திட்டமும் போட்டார்கள். வெளியூர்க்காரர்கள் மேடையில் நின்று நாங்கள் படகு இழுப்பதைக் கண்டுகளிப்பார்கள். கண்ணாடித் தடுப்பு, காபிக் கடை, படம் எடுத்துக்கொள்ள இதய வடிவில் ஒரு நாற்காலி, எல்லாம் உண்டு.

மேடைக்குப் பார்த்த இடம்தான் இடித்தது. எங்கள் கரை முழுக்கப் பாறை. நடுவில் ஒரே ஒரு மணல் சரிவு. படகைக் கரையேற்ற அதை விட்டால் வேறு நாதி இல்லை. தூண்கள் சரியாக அங்கேதான் இறங்குவதாக இருந்தன.

கருத்துக் கேட்பு அலுவலர் என்று ஒருவரை அனுப்பினார்கள். எதைச் சொன்னாலும் சிரிக்கிற முகம். முதல் கூட்டத்தில் படகுக்கார அண்ணிதான் எழுந்தாள். புருஷனுக்கு முதுகு போனபிறகு கூலிக்கு ஆள் வைத்துத் தானே தொழிலுக்குப் போகிறவள். ஊரிலேயே கனமான மரப்படகு அவளுடையது.

"அப்போ படகை எங்க ஏத்தறது?"

"பாறைக்கு அந்தப் பக்கம் மேடு இருக்கேம்மா. அங்க ஏத்திக்கலாம். பாதையெல்லாம் ரெண்டாம் கட்டத்துல வரும்."

"நாங்க அந்தப் பக்கம் போயிட்டா, மேடையில நிக்கிறவங்க யாரைப் பார்ப்பாங்க?"

"அதுக்கு ஃபைபர்ல ஒரு மாதிரிப் படகு வைப்போம். பக்கத்துல மாதிரி மீனவரும் நிப்பார்."

அண்ணியின் கொழுந்தன் துள்ளி எழுந்தான். ஊர் அவனை 'மைக்' என்றுதான் கூப்பிடும். எங்கே ஒலிபெருக்கி கட்டினாலும் அவன் வாய் அங்கே இருக்கும். "என் பொணத்து மேலதான் தூண் இறங்கணும்!" என்று முழங்கினான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அலுவலரும் சேர்ந்து தட்டினார்.

"அருமையான பங்கேற்பு," என்றார். "ஆனா வாயால சொன்னா அது உணர்ச்சிங்க. பெட்டியில விழுந்தாத்தான் கருத்து."

கையைத் தூக்கச் சொல்வதெல்லாம் பழைய முறையாம். இப்போது எங்கும் பந்துதானாம். பச்சைப் பந்து போட்டால் 'ஆதரிக்கிறேன்'. மஞ்சள் போட்டால் 'பேரார்வத்துடன் ஆதரிக்கிறேன்'.

"வேண்டாம்னு சொல்றதுக்கு?" என்றாள் அண்ணி.

"எதிர்மறைக்கு வண்ணம் ஒதுக்கலைம்மா."

அண்ணி நேரே போய் மணல் சரிவில் உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம் என்பதற்கும் ஒரு பந்து வருகிறவரை எழுந்திருக்க மாட்டேன் என்றாள். அளக்க வந்தவர்கள் அவளைச் சேர்த்தும் அளக்க முடியாமல், விட்டும் அளக்க முடியாமல் திண்டாடினார்கள். கடைசியில் மேலிடம் இறங்கிவந்தது. சிவப்புப் பந்து தருவதாகக் கடிதமே வந்துவிட்டது. ஊர் அவளைத் தலையில் வைத்துக் கூத்தாடியது.

சிவப்புப் பந்துகள் மூட்டை மூட்டையாக வந்தன. எங்கோ நீச்சல் குளம் கட்டுவதாகச் சொல்லி, குளத்தில் தடம் பிரிக்கிற கயிற்றுக்காக இவற்றை வாங்கியிருக்கிறார்கள். குளம் கட்டவில்லை. பந்து மிஞ்சிவிட்டது. கைக்கு அடக்கம், கெட்டிப் பிளாஸ்டிக், நடுவே கயிறு கோக்க ஓட்டை.

ஓட்டையைப் பார்த்ததும் ஊரே அதில் விரலை விட்டுப் பார்த்தது. வலையின் மேல் விளிம்பு தண்ணீரில் மிதக்க மிதவை வேண்டும். நாங்கள் கட்டியிருந்த மிதவைகள் பழைய தண்ணீர் பாட்டிலும் அறுந்த செருப்பும்தான். எதிர்ப்பு இத்தனை லட்சணமாக இருக்கும் என்று யார் கண்டது?

ஏலக் கொட்டகையில் திரை கட்டினார்கள். ரகசியம் காக்கப்படவேண்டும் என்பது விதி. ஒவ்வொருவராக உள்ளே போகவேண்டும். உள்ளே பச்சை ஒரு கூடை, மஞ்சள் ஒரு கூடை, சிவப்பு மூட்டைகள், ஒரு மரப்பெட்டி. எட்டிப் பார்த்தால் ரகசியம் கெட்டுவிடும் என்பதால் அலுவலர் வெளியே உட்கார்ந்து காதை மட்டும் தீட்டிக்கொண்டார். பெட்டியில் 'டொக்' என்று கேட்டால் ஒரு குடிமகன் கருத்துச் சொல்லிவிட்டான் என்று அர்த்தம்.

காலையிலிருந்து 'டொக்', 'டொக்' என்று விழுந்துகொண்டே இருந்தது. உள்ளே போகும்போது ஒல்லியாக இருந்தவர்கள் வெளியே வரும்போது இடுப்பில் கொஞ்சம் சதை போட்டிருந்தார்கள். மைக் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தான். குளிர் காய்ச்சலாம்.

வல்லுநர் குழு வந்து பெட்டியைத் திறக்க ஒரு வாரம் ஆயிற்று. திறந்தார்கள். முழுக்கப் பச்சை. நடுநடுவே சில மஞ்சள். சிவப்பு மருந்துக்கும் இல்லை.

"மோசடி!" என்று மைக் கத்தினான். "ஊரே எதிர்க்குது!"

"பெட்டி அப்படிச் சொல்லலையே," என்றார் அலுவலர். "ஆனா ஒண்ணுதான் புரியல. சிவப்பு மூட்டையெல்லாம் காலியா இருக்கு. பந்துங்க எங்க?"

எல்லோரும் மிக அக்கறையாகக் கூரையைப் பார்த்தோம். சத்தம் கேட்கவேண்டுமே என்பதற்காக ஓட்டையில்லாத பச்சையைப் போட்டுவிட்டு, உருப்படியானதை மடியில் கட்டிக்கொண்டு வந்த விஷயம் அவரவருக்குத் தெரியும். அடுத்தவரும் அதையே செய்திருப்பார் என்பதுதான் தெரியாது.

மனுஷன் நல்லவர். "நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் நேரம் தர்றேன். யார் சிவப்புப் பந்தைக் கொண்டுவந்தாலும் எதிர்ப்புன்னு எடுத்துக்கறேன்," என்றார்.

அன்று எல்லா வலையும் கடலில் கிடந்தது. பந்தைக் கழற்றினால் வலை முங்கிவிடும். மீன் நன்றாகப் படுகிற காலம். ஊரில் இத்தனை பேர் இருக்கும்போது நாம் ஒருத்தர் கொடுக்காவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று ஒவ்வொரு வீட்டிலும் யோசித்தார்கள். எங்கள் வீட்டிலும் யோசித்தோம்.

அண்ணி மட்டும் போய் வலையை இழுத்து, முடிச்சு முடிச்சாக அறுத்து, பந்துகளையெல்லாம் கூடையில் போட்டுக்கொண்டு அலுவலர் முன்னால் வைத்தாள்.

"இந்தாங்க என் எதிர்ப்பு."

அலுவலர் ஒரு பந்தை எடுத்து மேசையில் வைத்தார். "இது உங்க கருத்து. ஒருத்தருக்கு ஒண்ணுதான். மிச்சத்தை ஏம்மா எடுத்தீங்க? அது அரசாங்கச் சொத்தாச்சே!"

"ஊரே எடுத்துச்சுங்க!"

"ஊர் கொண்டுவரலையேம்மா. உங்க கையிலதானே இருக்கு."

முடிவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. பெறப்பட்ட எதிர்ப்பு ஒன்று. எதிர்ப்பாளர் அரசுடைமையை அபகரித்தவர் என்று தெரியவருவதால் மேற்படி எதிர்ப்பு ஏற்பதற்கில்லை. ஏனைய மக்கள் உயர்மேடையை ஒருமனதாக வரவேற்கின்றனர். படித்துவிட்டு அண்ணி அங்கேயே நின்று அழுதாள். பார்க்கச் சகிக்கவில்லை. நாங்கள் வேறு பக்கமாக வீட்டுக்குப் போனோம்.

தூண் இறக்கும் நாளில் சரிவைக் காலி செய்யச் சொன்னார்கள். எங்கள் ஃபைபர் படகுகள் எப்படியோ மேட்டில் ஏறிவிட்டன. அண்ணியின் மரப்படகு மட்டும் பாக்கி. ஊரே உதவிக்கு வந்தது. மைக்தான் முதல் ஆள்.

"தப்பா நினைக்காதீங்க அண்ணி. நானும் பந்தைக் கொண்டுவரலாம்னுதான் கிளம்பினேன். நீங்க கூடையோட போறதைப் பார்த்தேன். சரி, நம்ம குடும்பத்துல ஒருத்தர் போதுமேன்னு திரும்பிட்டேன்."

அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் மட்டும் என்ன? பெட்டியில பச்சையைப் போடும்போது உன்னைத்தான் நினைச்சேன். எதிர்த்துப் போட மைக் ஒருத்தன் இருக்கானே, போதும்னு."

வெட்கமாகத்தான் இருந்தது. போட்டி போட்டுக்கொண்டு போய்ப் படகில் கை வைத்தோம். இடம் போதாமல் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றோம். மைக் "தள்ளு!" என்று குரல் கொடுத்தான். பல்லைக் கடித்தோம். முக்கினோம். படகு இம்மி நகரவில்லை.

"என்ன கனம்யா இது!" என்றார் என் பக்கத்தில் நின்றவர்.

"ஆமாங்க," என்றேன். அவர் தள்ளுகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.