அரை விரல் குறைந்த சுருட்டு

குமாஸ்தாவுக்கு வெளியூர்க் கிளைக்கு மாற்றல் வந்துவிட்டது. மனைவிக்கு ஏழாம் மாதம். அவளைத் தனியே விட்டுப் போக அவருக்கு மனமில்லை. மாற்றலை ரத்து செய்ய மேனேஜர் கையெழுத்துப் போடவேண்டும். மேனேஜருக்குச் சுருட்டு என்றால் உயிர் என்று ஆபீசில் பேச்சு.

ஆபீசுக்கு எதிரிலிருந்த கடையில், கருப்பாகக் குண்டாக இருந்த ஒன்றைக் காட்டி, "இதுதானே நல்ல காரம்?" என்றார்.

கடைக்காரர் பாடமே நடத்திவிட்டார். மேலிலையின் கருப்புக்கும் காரத்துக்கும் சம்பந்தமில்லை. காரம் உள்ளே சுருட்டியிருக்கும் இலையில் இருக்கிறது. குண்டாக இருந்தால் நிதானமாக எரியும், அவ்வளவுதான். மேலிலை கீறல் இல்லாமல் இருப்பதற்கே பாதி விலை. கடைசியில் கண்ணாடிப் பெட்டியிலிருந்து பழுப்பாக, நீளமாக ஒன்றை எடுத்தார்.

"ரொம்ப நாளா பக்குவமா இருக்கு சார். பெரிய இடத்துக்குப் போற சரக்கு."

விலையைக் கேட்டுக் குமாஸ்தாவுக்கு வேர்த்தது. வாங்கிவிட்டார்.

மேனேஜர் இரண்டு நாள் லீவு. சுருட்டு கெட்டுப்போகக்கூடாதே என்று மனைவி அதை ஃபிரிட்ஜில் வைத்தாள். மூன்றாம் நாள் காலை எடுத்துப் பார்த்தால் சுள்ளியாகக் காய்ந்திருந்தது. குமாஸ்தா கொதிக்கும் தண்ணீருக்கு மேல் பிடித்தார். அது உப்பி, மேலிலை வாய் பிளந்தது. கோந்து தடவினார். கோந்து காயவில்லை. இஸ்திரிப் பெட்டியை லேசாக வைத்தார். நுனி தட்டையாகிவிட்டது. வேறு வழியில்லாமல் கத்தரியால் நறுக்கியதில் அரை விரல் நீளம் போயிற்று.

"சின்னதா இருந்தா அவர் உடம்புக்கும் நல்லதுதாங்க," என்றாள் மனைவி.

வண்ணக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தார். மேனேஜர் பிரிக்காமலே மேஜைமேல் வைத்து, சாயந்திரம் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். குமாஸ்தாவுக்குப் பாதி உயிர் திரும்பியது.

மத்தியானம் பியூன் அவரை மாடிப்படிப் பக்கம் தனியே அழைத்தார். கையில் பிரித்த காகிதம். அதற்குள் சுருட்டு.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க? ஐயா சுருட்டே பிடிக்க மாட்டாரு. ஒவ்வொரு மாற்றலுக்கும் இதே சுருட்டைத்தான் நான் கடையில திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கிட்டு வருவேன், அப்புறம்தான் கையெழுத்துப் போடுவாரு. இதை இனிமே எவன் சார் திருப்பி எடுப்பான்?"