மூன்றாவது சிலிண்டரின் திடீர் வீரம்

கல்யாணமாகி பதினெட்டு வருடத்தில், மனைவியை ஏமாற்றுவது என்று நான் தீர்மானித்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் ஒரு காருக்காக.

பழைய கார். இரவு வேலை முடிந்து ஊரே தூங்கும் நேரத்தில் என்னோடு விழித்திருக்கும் ஒரே ஜீவன். இருமிக்கொண்டே வீடு வரைக்கும் பேச்சுத்துணைக்கு வரும். அந்த இருமல்தான் மனைவிக்குப் பிடிக்கவில்லை.

"என்னைக்காவது நடுரோட்டுல நின்னுடும். நீங்க அரைத் தூக்கத்துல இறங்கித் தள்ளுவீங்க. பின்னால லாரி வரும். வித்துடுங்க."

"இஞ்சின் கல்லு மாதிரி இருக்கு!"

"அப்ப டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க. நல்லா இருந்தா வண்டி இருக்கட்டும். இல்லன்னா போகட்டும்."

ஒப்புக்கொண்டேன். ஆனால் தெருமுனை மெக்கானிக் மனைவிக்குத் தெரியாமல் எனக்காக ஏற்கெனவே டெஸ்ட் பண்ணியிருந்தார். நான்கு சிலிண்டரும் காற்றை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்று மீட்டரில் பார்ப்பதுதான் கம்ப்ரஷன் டெஸ்ட். ஒன்று, இரண்டு, நான்கு, எல்லாம் நூற்றைம்பது. மூன்றாவது மட்டும் தொண்ணூறு.

"பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சு சார்" என்றவர், அதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தார். நூற்று நாற்பது! எண்ணெய் போய் இடுக்கை அடைத்துக்கொள்கிறதாம். "இது வைத்தியம் இல்ல சார், நோயைக் கண்டுபிடிக்கற வழி" என்றார்.

நூற்று நாற்பதுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மீட்டரை இரவல் வாங்கி வந்தேன். இஞ்சினைச் சூடாக்கி, நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினேன். மனைவி டிரைவர் சீட்டில் ஏறி, சீட்டை முன்னால் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளியில் மூன்றாவது சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டேன். ஒரு ஸ்பூன் போதும். பயத்தில் கை மூன்று ஸ்பூன் ஊற்றிவிட்டது.

"ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு சாவியைத் திருப்பு."

"வண்டி கிளம்பிட்டா?"

"பிளக் நாலும் என் கையில இருக்கு. எப்படிக் கிளம்பும்?"

"முழுசா ஏன் மிதிக்கணும்?"

"காத்து தாராளமா உள்ள போகணும். வாயை இறுக்கி மூடிக்கிட்டு யாராவது மூச்சு இழுப்பாங்களா?"

"நீங்க பகல் பூரா தூங்கறப்ப இழுக்கறீங்களே. தெருவுக்கே கேக்குது."

ஒவ்வொரு முறையும் இறங்கி வந்து, முள் எங்கே நிற்கிறது என்று அவளே பார்த்துக் காகிதத்தில் எழுதினாள். முதலாவது நூற்றைம்பது. இரண்டாவது நூற்றைம்பது. மூன்றாவது நூற்று எண்பத்தைந்து!

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நோயாளி எழுந்து டாக்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான்.

நான்காவது, சமர்த்தாக நூற்றைம்பது.

"மூணாவதுக்கு மட்டும் ஏங்க இவ்வளவு வீரம்?"

"அது எப்பவுமே கொஞ்சம் கெட்டிக்காரன். உங்க வீட்டுல நீகூட மூணாவதுதானே?"

சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். நெஞ்சு நிமிர்ந்தது.

"சரிங்க, நான்தான் தப்பா நெனச்சுட்டேன். இருங்க, என் தம்பிக்கு போன் பண்ணிடறேன்."

"அவனுக்கு எதுக்கு?"

"மலைக்குப் போக ஒரு வண்டி கேட்டான். அவன், அவன் பொண்டாட்டி, கைக்குழந்தை. இஞ்சின் நல்லா இருந்தா தரேன்னு சொல்லியிருக்கேன்."

போனைக் காதில் வைத்தாள். என் கண்முன்னே மலைப்பாதை தெரிந்தது. ஏற்றத்தில் கார் இருமியது. பின்சீட்டில் குழந்தை அழுதது.

"போனை வை!"

"ஏங்க?"

"மூணாவதுல எண்ணெய் ஊத்தியிருக்கேன்."

"எவ்வளவு?"

"மூணு ஸ்பூன்."

நூற்று எண்பத்தைந்துக்குப் பக்கத்தில் 'எண்ணெய், மூன்று ஸ்பூன்' என்று நிதானமாக எழுதினாள்.

"வண்டியை வித்துடலாம்" என்றேன். "தம்பிகிட்ட மட்டும் வேற வண்டி பாத்துக்கச் சொல்லு, பாவம்."

"அவனுக்கு எதுக்குங்க வேற வண்டி? புது கார் வாங்கி ரெண்டு மாசமாச்சு. நீங்க தூங்கிட்டிருந்தப்ப நம்ம வாசல்லயே நிறுத்தி, உங்களை எழுப்பறதுக்குப் பத்து நிமிஷம் ஹாரன் அடிச்சுப் பாத்துட்டுத்தான் போனான்."