பச்சை டிக் போட்ட வண்டி

"ரெண்டு பஸ் மாறி, அப்புறம் ஒரு கிலோமீட்டர் நடந்து வேலைக்குப் போறது கஷ்டமா இருக்குங்க."

"ஒரு பழைய வண்டியா பாத்துடுவோம். பெருசும் வேணாம், சின்னதும் வேணாம். நடுத்தரமா, தினசரி ஓட்டுற மாதிரி. ரெண்டே வாரம்."

கல்யாணமான மூன்றாவது வாரம், சமையலறை வாசலில் நின்றபடி நானும் என் கணவரும் பேசிக்கொண்டது இது. மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்த மாபெரும் நிகழ்ச்சி அந்த உரையாடல்தான் என்பது என் தாழ்மையான கருத்து. சக்கரத்துக்கு எத்தனை காலம் பிடித்ததோ தெரியாது. எங்கள் ரெண்டு வாரத்துக்கு இரண்டரை வருடம் பிடித்தது.

பிடித்திருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வண்டி வாங்குகிறவர்களை நினைத்தால் எனக்குப் பரிதாபமாக இருக்கிறது. என் கணவர் அந்த ரகம் அல்ல. ஒரு பெரிய அலுவலகத்தில் தளவாடங்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை கட்டடத்திலுள்ள நாற்காலி, மேசை, மின்விசிறி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்து, மறைவான இடத்தில் பச்சைப் பெயிண்ட் பேனாவால் ஒரு டிக் போட்டு, அதன் கீழே இரண்டு புள்ளி வைப்பார். 'சரிபார்க்கப்பட்டது' என்று அர்த்தம். கல்யாணத்துக்கு மறுநாள் என் பீரோவின் முதுகிலும் அந்த டிக் விழுந்தது. அன்று முழுவதும் நான் அவருக்கு முதுகைக் காட்டாமலே நடமாடினேன்.

வண்டி வாங்க உடனே ஒரு 'குழு' அமைக்கப்பட்டது. தலைவர், அவர். உறுப்பினர், என் மாமியார். செயலாளர், நான். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேசையில் கூட்டம். அறுபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றைத் தலைவர் தயாரித்தார். அதில் முதல் இரண்டு பதில்கள் மட்டும் நேரத்தை மிச்சப்படுத்த முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தன. 'ஓட்டுபவர்: தலைவர். பின்னால் அமர்பவர்: செயலாளர்.' வண்டியின் பதிவு எண்ணுக்குப் படிவத்தில் இடமில்லை. அடுத்தவர் கொடுத்த எண்ணை நம்பக்கூடாது என்பது அவருடைய பிரிவின் விதி. நாங்களே எண் கொடுத்தோம்.

முதலாம் எண் வண்டி, ஒரு விளையாட்டு ஆசிரியருடையது. கருநீலம். பெட்ரோல் டேங்கின் இடப்பக்கம் கட்டைவிரலால் அமுக்கியதுபோல ஒரு பள்ளம். என் கணவர் டார்ச்சுடன் வண்டிக்கு அடியில் மறைந்ததும், நான் மெல்ல ஏறி உட்கார்ந்தேன், முன்பக்கம். இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. கிளட்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். கல்லூரிக்குப் போன நான்கு வருடமும் அண்ணனுடைய வண்டியை ஓட்டிய கை. அது மறக்கவில்லை.

"உங்களுக்கு ஓட்ட வருமாம்மா?" என்றார் ஆசிரியர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அடியிலிருந்து குரல் வந்தது. "அவங்க சும்மா உக்காந்து பாக்கறாங்க சார்."

ஒன்பது இடங்களில் டிக் போட்டுவிட்டு வெளியே வந்தார். ஓட்டிப் பார்த்தபோது தெரு முனைக்குள் வண்டி இரண்டு முறை நின்றது. "கிளட்ச்ல ஒரு சந்தேகம்," என்று குறிப்பு எழுதி, முடிவை ஒரு வாரம் ஒத்திவைத்தார். மறுநாள் காலையே யாரோ ஒரு முறைகெட்ட மனிதர் வந்து, பார்த்து, பிடித்துப்போய், வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு நாற்பது வண்டிகள் பார்த்தோம். நாற்பதுக்கும் டிக் விழுந்தது. நாற்பதும் அவர் ஓட்டும்போது நின்றன. ஊரிலுள்ள எல்லா வண்டிகளுக்கும் கிளட்ச்சில் ஒரே குறை என்பதைக் கண்டுபிடித்த முதல் மனிதர் அவர்தான்.

"ஏன்டா, கல்யாணத்துக்குப் பத்து நிமிஷத்துல தலையாட்டின. ஒரு வண்டிக்கு இவ்வளவா?" என்று கேட்டார் மாமியார்.

"அது வேறம்மா. வண்டி விஷயத்துல யோசிக்காம இறங்கக்கூடாது."

"அவ ஆஸ்பத்திரி லேப் வேலைக்கு ஆறு மணிக்குள்ள போய் நோயாளிங்களுக்கு ரத்தம் எடுக்கணும்டா. நாலரைக்கு எழுந்திரிக்கிறா."

'உறுப்பினரின் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதினேன்.

ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும், 'தலைவர் அனுமதிக்கும் பிற பொருள்' என்றொரு வரி உண்டு. "வேற ஏதாவது?" என்பார் அவர், பேனாவை மூடிக்கொண்டே. 'எதுவுமில்லை' என்று எழுதுவேன். கேட்டால் திட்ட மாட்டார். தங்கமான மனிதர். "பாக்கலாம்" என்பார். அவருடைய 'பாக்கலாம்' எத்தனை வருடம் ஓடும் என்பதைக் கண்ணால் கண்டவள் நான்.

போன ஞாயிறு நாற்பத்திரண்டாம் எண். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவருடையது. கறுப்புப் பெயிண்ட், புதுசாக அடித்தது. என் கணவர் வழக்கம்போல அடியில் மறைந்தார். டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது. பிறகு கத்தினார்.

"இங்க வா! யாரோ விஷயம் தெரிஞ்ச ஆளு இந்த வண்டியைச் சோதிச்சிருக்காரு!"

"எப்படிச் சொல்றீங்க?"

"ஒம்பது இடத்துல டிக் போட்டிருக்காரும்மா. பச்சையில! கீழ ரெண்டு புள்ளிகூட வெச்சிருக்காரு. என்ன ஒரு ஒழுங்கு! இந்த மாதிரி மனுஷன் பாத்த வண்டியை நாம திரும்பப் பாக்கறதே அவருக்கு மரியாதை இல்ல."

தன் டிக்கையும் பக்கத்தில் போட்டார். இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன.

"பாரேன், என் கை மாதிரியே இருக்கு. வேலை தெரிஞ்சவங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் போடுவாங்க."

நான் டேங்கின் இடப்பக்கத்தைத் தடவினேன். கறுப்புக்கு அடியில் அந்தப் பள்ளம் இருந்தது. கட்டைவிரலை வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. தன் திறமையைத் தானே, அதுவும் நேர்மையாக, பாராட்டிக்கொள்ளும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? கெடுக்க மனம் வரவில்லை.

குறிப்பு இல்லை, ஒத்திவைப்பு இல்லை. அரை மணியில் கையெழுத்தாகி, சாவி அவர் கைக்கு வந்தது. ஏறி உட்கார்ந்தார். நான் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறக் காத்திருந்தேன். வண்டி குதித்தது, நின்றது. மறுபடியும் குதித்தது, நின்றது. மூன்றாவது முறை கடையின் பெயர்ப்பலகைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"கிளட்ச்ல ஒரு..." என்று ஆரம்பித்தார்.

"காலையில என் பொண்ணுதான் ஓட்டிட்டு வந்தா சார், வெண்ணெய் மாதிரி வந்துச்சே," என்றார் கடைக்காரர். "சரி, வேற ஏதாவது கேக்கணுமா?"

"எதுவுமில்ல," என்றார் தலைவர், பழக்கதோஷத்தில்.

"இருக்கு," என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். ஹெல்மெட்டை என் தலையில் மாட்டிக்கொண்டேன்.

"அந்த டிக் போட்ட பெரிய மனுஷன் நீங்கதான். இது நாம பாத்த முதல் வண்டி. நாப்பத்திரெண்டு தடவை வண்டியைத் தட்டிப் பாத்தீங்க. தினம் பஸ்ல போறவ யாரு, அவளுக்கு ஓட்டத் தெரியுமான்னு ஒரு தடவைகூட கேக்கல. அறுபத்திரெண்டு கேள்வியில அது இல்லவே இல்ல. இறங்குங்க. சாவியை எங்கிட்ட குடுங்க. நான் ஓட்டணும்."