கழுத்து திரும்பிய சிங்கப்பூர்க்காரி

தலையை வெட்டுவது வேறு, கழற்றுவது வேறு. நான் செய்தது இரண்டாவதுதான். எங்கள் வீட்டில் இந்த வித்தியாசத்தை விளக்க யாரும் என்னை இன்றுவரை பேச விட்டதில்லை. அதனால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம். ஊர் தென்காசி. எனக்குப் பத்து வயது. அண்ணனுக்கு இலஞ்சியில் பெண் பேசி முடித்து, ஆவணியில் கல்யாணம் என்று வைத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த தாய்மாமா இரண்டு பொம்மைகள் கொண்டுவந்தார். ஒன்று எனக்கு. மற்றது, கல்யாணப் பெண்ணின் தங்கை வள்ளிக்குக் கொடுக்க.

அதுவரை நான் பார்த்த பொம்மைகள் எல்லாம் கைக்குழந்தைகள். இவர்களோ வளர்ந்த பெண்கள்! உதட்டுச் சாயம், குதிகால் உயர்ந்த செருப்பு, நீச்சல் உடை. ("இதென்னட்டி, குமரிப்பிள்ள அரைகுறையா நிக்கா?" என்று அம்மா உடனே கைக்குட்டையைச் சுற்றிவிட்டாள்.) என்னுடையவளுக்குப் பொன்னிற முடி. வள்ளியுடையவளுக்குக் கருகருவென்ற முடி. வள்ளியின் பொம்மை பெட்டியோடு பீரோவுக்குள் போனது.

தையல்காரரிடம் துண்டுத் துணி வாங்கி, என் பொம்மைக்குப் பாவாடை தாவணி தைத்தேன். பொன்முடிக்கு அது ஒட்டவே இல்லை. கலெக்டர் துரையின் மகள் மாறுவேடப் போட்டிக்கு வந்ததுபோல் இருந்தாள். கருப்புத் தலை மட்டும் இருந்தால்?

அம்மா குளிக்கப் போன நேரத்தில் பீரோவைத் திறந்தேன். தலையைத் திருகி இழுத்ததும் 'பொளக்' என்று கையோடு வந்தது. தலை ரப்பர், உடம்பு பிளாஸ்டிக், நடுவில் கழுத்தில் ஒரு குமிழ். அவ்வளவுதான்.

ஒரு வாரம் நான் பிரம்மனாக இருந்தேன். கருப்புத் தலையும் தாவணியுமாக ஒருத்தி கோயிலுக்குப் போவாள். பொன் தலையும் நீச்சல் உடையுமாக இன்னொருத்தி குற்றாலத்தில் குளிக்க வந்த துரைசாணி. மறுநாள் தலைகள் இடம் மாறும். இரண்டே பொம்மைகளை வைத்து நாலு பெண்களை உண்டாக்கிய கர்வத்தில் எனக்குச் சோறே இறங்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் சம்பந்தி வீட்டார் குற்றாலத்தில் எடுத்திருந்த பங்களாவுக்கு எங்களை விருந்துக்கு அழைத்திருந்தார்கள். எனக்கு அது மறந்தேபோயிற்று.

"ஏட்டி, வண்டி வந்துட்டு! வள்ளி பொம்மைய எடுத்தியா?" என்று அம்மா குரல் கொடுத்தாள்.

கருப்புத் தலையைச் சொந்த உடம்பில் மாட்டப் பார்த்தேன். ஏறவில்லை. அடுப்படிக்கு ஓடி வெந்நீரில் முக்கினேன். தலை இளகி, 'சளக்' என்று உட்கார்ந்தது. அப்புறம்தான் பார்த்தேன், முதுகுப் பக்கம் மூக்கு இருந்தது. திருப்பினால் அசையவில்லை. முடியை இழுத்து முகத்தை மூடி, பெட்டியில் படுக்கவைத்தேன்.

பங்களாவில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எல்லோரும் தாழ்வாரத்தில் கூடியிருந்தோம். பெண்ணின் அப்பா ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர். அவர் கையில் அப்பா பெட்டியைக் கொடுத்தார். அவர் பொம்மையை எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, முடியை விலக்கினார்.

"என்ன அண்ணாச்சி, இது போறாளா, வாறாளா?"

சொல்லிக்கொண்டே, சரி செய்வதாக நினைத்து ஒரு திருகு திருகினார். போலீஸ் கை. குமிழ் முறிந்து, தலை எகிறி, தாழ்வாரத்தைத் தாண்டி வாசல் ஓடையில் விழுந்தது. சீசன் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போனது.

"கல்யாணப் பேச்சுல தலை உருளுதே!" என்று பெண்ணின் அத்தை நெஞ்சில் கைவைத்தாள். "இது நல்லதுக்கில்ல. நாள மாத்துங்க."

அதற்குள் அண்ணன் பட்டுவேட்டியோடு ஓடைக்குள் குதித்துவிட்டான். பாசியில் வழுக்கினான், எழுந்தான், மறுபடி விழுந்தான். கடைசியில் முழங்கால் சேற்றோடு தலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தான். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண், வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"யாரு செஞ்ச வேல இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாந்தான் மாமா. அழகா இருக்கும்னு மாத்தி மாத்தி மாட்டுனேன்." அழ ஆரம்பித்தேன்.

வள்ளி கண்கள் விரிய என்னிடம் வந்தாள். "தல மாத்தலாமா? எனக்கும் காட்டேன்!"

இன்ஸ்பெக்டர் என்னை விட்டுவிட்டு, சொட்டச் சொட்ட நின்ற அண்ணனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, நாளை மாற்றச் சொன்ன தன் தங்கையிடம் திரும்பினார்.

"நாளெல்லாம் மாத்த வேண்டாம் தாயி. ஓடுத தண்ணில பொம்மத் தலைக்கே குதிக்கிற பய, என் மகளக் கைவிட்ருவானா?"

ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது. என் பொன்முடிக்காரி முழுசாக வள்ளிக்குப் போனாள். முறிந்த கழுத்துக்காரி எனக்கு.

இன்று மதினிக்கும் அண்ணனுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். சண்டைக்கும் குறைவில்லை. ஒவ்வொரு சண்டையின் முடிவிலும் மதினி தவறாமல் என் பக்கம் திரும்பிச் சொல்வாள்:

"அன்னைக்கு அந்தத் தலைய நீ நேரா மாட்டியிருந்தேன்னா, நாள மாத்திக்கிட்டு நான் தப்பிச்சிருப்பேம்லா?"

"தலை நேரா இருந்திருந்தா நாள எதுக்கு மாத்துவாங்க மதினி?" என்று நானும் தவறாமல் கேட்பேன். ஆனாலும் குற்றவாளி நான்தான்.