முனியப்பன் கெடாவும் என் ரத்தக் கொழுப்பும்

அன்புள்ள தங்கம்மாள் அக்காவுக்கு,

பாப்பாரப்பட்டியிலிருந்து உன் தம்பி மாதவராஜ் பயந்துகொண்டே எழுதுவது. ஓசூரில் நீயும் மாமாவும் பேரப்பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். என் ரத்தம் ஒத்துக்கொள்ளவில்லை. போனில் சொன்னால் கல்யாணப் பெண் பிரியா காதில் விழுந்து அவளும் கலங்குவாள், அதனால் கடிதம்.

எனக்கு எச்.ஐ.வி. இருப்பது உனக்கும் என் மகள் பிரியதர்ஷினிக்கும் மட்டும்தான் தெரியும். என் மனைவி சாலம்மாள் இளைத்து இளைத்தே போய்ச் சேர்ந்த பிறகு, நான் கொஞ்சம் இளைத்தாலும் ஊர் என் முகத்தையே உற்றுப் பார்க்கும் என்ற பயத்தில், அந்த நோய்க்குத் தரும் கூட்டு மருந்தைத் தவறாமல் போட்டுக்கொண்டு, ஆட்டுக்கறி, முட்டை, எண்ணெய் மிதக்கும் குழம்பு என்று தின்று தொப்பை வளர்த்தேன். "மாதவராசுக்கு என்னங்க, கல்லு மாதிரி இருக்காரு" என்று டீக்கடையில் பேசிக்கொண்டதைக் கேட்டு நிம்மதியாகத் தூங்கினேன். போன மாதம் மருந்து வாங்கப் போன இடத்தில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார், அப்புறம் என் தொப்பையைப் பார்த்தார். "ரத்தத்துல கொழுப்பு எக்கச்சக்கமா இருக்குங்க. இந்த வைத்தியத்துல சிலருக்கு ஏறும், உங்க சாப்பாடும் சேந்துக்கிச்சு. இப்படியே விட்டா நெஞ்சுக்கு ஆகாது" என்றார். "அப்ப கூட்டு மருந்த நிறுத்திடட்டுங்களா?" என்று நான் கேட்டதுதான் தாமதம், "அத மட்டும் நிறுத்தவே கூடாது! கறிய நிறுத்துங்க!" என்று போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கொழுப்புக்குத் தனியாக ஒரு மாத்திரையும் கொடுத்து, காலையில் நடக்கச் சொன்னார்.

நடப்பதற்கும் இந்த ஊரில் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. காணாமல் போன கன்றுக்குட்டியைத் தேடுகிறேன் என்று சொல்லி நடக்கிறேன். என்னிடம் கன்றுக்குட்டியே கிடையாது. இப்போது மூன்று பேர் என்னோடு சேர்ந்து தேடுகிறார்கள்.

அதையாவது சமாளித்துவிடலாம். பிரியாவை நிச்சயம் செய்திருக்கும் தொப்பூர் சம்பந்தி பெரியண்ணன் வீட்டை எப்படிச் சமாளிப்பது? அங்கே விருந்து என்றால் கறிதான். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள், டாக்டர் சொன்னார் என்றால் எந்த டாக்டர் என்பார்கள், எந்த டாக்டர் என்று சொன்னால் என் பெண்ணின் கல்யாணம் என்ன ஆகும் அக்கா? போன ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா பானுமதி தலைக்கறியோடு என் இலைக்கு வந்ததும், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்: "கறி தொடறதில்லைங்க. கல்யாணம் நல்லபடியா முடியணும்னு முனியப்பனுக்கு விரதம்."

சைவச் சாமி எத்தனையோ இருக்க, என் வாயில் முனியப்பன்தானா வர வேண்டும்? "முனியப்பனுங்களா! அப்ப கெடா வெட்டித்தானுங்க விரதம் முடிக்கணும். கெடா என் பொறுப்பு. மொத இலை உங்களுக்கு!" என்று சம்பந்தி எழுந்தே நின்றுவிட்டார். மறுநாளே வாங்கியும் விட்டார். தினமும் அதன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அது கொழுத்துக்கொண்டே வருகிறது. வெள்ளிக்கிழமை வெட்டு. சாப்பிட்டால் என் நெஞ்சு போகும், சாப்பிடாவிட்டால் கல்யாணம் போகும். நீ எப்படியாவது வந்து, முதல் இலை அக்காவுக்குத்தான், அதுதான் எங்கள் குல வழக்கம் என்று அடித்துச் சொல்லி, என் இலையில் உட்கார்ந்துவிடு.

மாமாவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு.

உன் தம்பி,
மாதவராஜ்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் பானுமதியம்மா தூக்குப் போசியோடு வந்துவிட்டார்கள். உள்ளே கொள்ளு ரசம். "அண்ணா, பிரியா நிச்சயத்துக்கு முன்னாலயே உங்க நோவப் பத்தி எங்க வூட்ல எல்லாத்தையும் சொல்லிட்டுதுங்க. கொழுப்பு ரிப்போர்ட்டையும் உங்களுக்குத் தெரியாம பாத்துட்டு எங்களுக்குச் சொல்லுச்சுங்க. கெடாவக் கட்டி வெச்சாலாவது நீங்களா வாயத் தொறப்பீங்கன்னு இவரு பாத்தாரு. இப்ப நெஜமாவே தின்னுடுவீங்களோன்னு பயந்துக்கிட்டு என்னை அனுப்பிச்சாரு. ரசத்தக் குடிங்க" என்றார்கள். எனக்கு அழுகைதான் வந்தது. ஆனால் அக்கா, முனியப்பனிடம் நான் பொய்யாக வேண்டியதை அவர் நிஜமாகவே நடத்திக் கொடுத்துவிட்டார். இனிமேல் கெடா வெட்டாமல் எப்படி இருப்பது? வெள்ளிக்கிழமை நீ கட்டாயம் வா. முதல் இலை உனக்குத்தான். சத்தியமாக.