உடும்பு வாங்கிய டெஸ்டர்

ஒரு காட்டில், மின்சாரம் நினைத்தால் வந்து நினைத்தால் போகிற ஒரு காட்டில், செங்காலி என்ற காட்டுக்கோழி வாழ்ந்து வந்தது. முட்டைமேல் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போன கோழி அது. ஆகவே இந்தத் தடவை, மின்சாரத்தில் அடைகாக்கும் ஓர் இன்குபேட்டர் பெட்டி வாங்கியது. முட்டைகளை அதற்குள் வைத்துவிட்டு, ஈசல் பிடிக்கவும் புழுதியில் புரளவும் நிம்மதியாகப் போய்வந்தது.

குஞ்சு பொரிக்கிற சமயம் பார்த்துப் பெட்டி குளிர்ந்துவிட்டது.

செங்காலி பதறியடித்துக்கொண்டு சடையன் என்ற உடும்பைக் கூட்டிவந்தது. பழுது பார்ப்பது சடையனுக்குத் தொழில் அல்ல, ஆசை. ரேடியோ, டார்ச் லைட் எது கிடைத்தாலும் பிரித்துப்போடும். திரும்பச் சேர்ப்பதும் அவ்வப்போது நடக்கும்.

"தம்பி, முட்டை ஆறிப்போறதுக்குள்ள சரிபண்ணிடு. ஆனா கண்ணு பெட்டிமேலதான் இருக்கணும், முட்டைமேல போகக் கூடாது."

"என்னக்கா இப்படிச் சொல்லிட்டீங்க! நான் முட்டையை விட்டு ரொம்ப நாளாச்சு" என்ற சடையன், நாக்கை வெளியே நீட்டி உடனே உள்ளே இழுத்துக்கொண்டது.

மூடியைக் கழற்றித் திருப்பினால், அதிலிருந்த போர்டில் கண்டென்சர் என்ற பாகம் ஒன்று பூரிபோல உப்பியிருந்தது.

"இதுதான் கெட்டிருக்கு. தலை எப்படி வீங்கியிருக்கு பாரு!" என்றது செங்காலி.

"கண்ணால பார்த்து முடிவு பண்ணக் கூடாதுக்கா. கண்ணு ஓசியில வந்தது. இது காசு கொடுத்து வாங்கினது."

மாட்டிய பாகம் என்ன, நல்லதா கெட்டதா என்று சொல்லும் டெஸ்டர் ஒன்றைச் சடையன் பையிலிருந்து எடுத்தது. சோப்புக்கட்டி அளவு, சின்னத் திரை, மூன்று கம்பி. சந்தையில் மலிவு விலை. கண்டென்சரைக் கழற்றி அதில் மாட்டியது.

'நல்ல கண்டென்சர்' என்றது திரை.

மறுபடி அழுத்தியது. 'ரெசிஸ்டர்.' இன்னொரு தடவை. 'இரண்டு டையோடு.'

"திறமையைப் பாருங்கக்கா! ஒரே பாகத்துக்குள்ள மூணு பாகம் இருக்குன்னு கண்டுபிடிச்சிருக்கு!"

சத்தம் கேட்டுப் பக்கத்துப் புதர்க் கீரி தன் டெஸ்டரோடு வந்தது. அதில் மாட்டினால் 'டிரான்சிஸ்டர்' என்று வந்தது.

"உன்னுது ஓட்டை" என்றது உடும்பு.

"என்னுது புது மாடல்" என்றது கீரி.

எது ஓட்டை என்று தெரிந்துகொள்ள, ஒரு டெஸ்டரை இன்னொரு டெஸ்டரில் மாட்டிப் பார்த்தன. 'பேட்டரி' என்று வந்தது. இரண்டும் அதைப் பற்றி வெகுநேரம் யோசித்தன.

"முட்டை ஆறுதுடா பாவிகளா!" என்று செங்காலி கத்தியது.

சடையன் திரும்பி முட்டைகளைப் பார்த்தது. பிறகு டெஸ்டரின் கம்பியை எடுத்து ஒரு முட்டைமேல் வைத்தது.

'பாகம் இல்லை, அல்லது கெட்டது.'

"உள்ளே ஒண்ணுமே இல்லையாம்க்கா" என்றது சடையன். அதன் வாயில் எச்சில் ஊறியிருந்தது. "கெட்டுப்போனதை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறீங்க? நான் வேணா..."

நாக்கு முட்டைக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்தபோது, அதன் மூக்கில் விழுந்தது ஒரு கொத்து. செங்காலி பெட்டிக்குள் குதித்து, சிறகை விரித்து, முட்டைகளை மூடி உட்கார்ந்துவிட்டது.

"மூடுடா மூடியை!"

சடையன் பயந்துபோய், உப்பிய கண்டென்சரை அப்படியே திரும்ப மாட்டி மூடியைப் போட்டது.

மறுநாள் விடிந்ததும் மூக்கைத் தடவிக்கொண்டு வந்து, பெட்டியின் ஓட்டைவழியே தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தது. சூடு கச்சிதம்! உள்ளேயிருந்து 'கீச் கீச்' என்று சத்தம்.

"பார்த்தீங்களா! பாகத்தை மாத்தவே இல்லை, பெட்டி ஓடுது! நல்ல கண்டென்சர்னு டெஸ்டர் அப்பவே சொல்லுச்சு!"

"என்னுதும் அதைத்தான் வேற வார்த்தையில சொல்லுச்சு" என்றது கீரி.

உள்ளே செங்காலி குஞ்சுகளை எண்ணிப் பார்த்தது. ஒன்றும் குறையவில்லை. கால்தான் மரத்துப்போயிருந்தது.

அதன்பின் அந்தக் காட்டில் டெஸ்டர் இல்லாத புதரே இல்லை. பழுதான பெட்டியோடு யார் வந்தாலும் சடையன் முதலில் டெஸ்டரை வைத்துப் பார்க்கும். பிறகு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சூடு வரலைன்னா உள்ளே ஒரு கோழியை உட்கார வையுங்க" என்று சொல்லியனுப்பும். உடும்பு பிடித்த பிடியை விடுமா? இன்றுவரை ஒரு பெட்டியும் தோற்றதில்லை.

நீதி: மலிவான கருவி பொய்யே சொல்லாது; அதை மெய்யாக்க உள்ளே ஒரு கோழி உட்கார்ந்திருந்தால் போதும்.