கொழுப்பு வடிகட்டும் கண்ணாடி

மரச்சாமான் கடையின் மாடியில் ஒரு மகான் இறங்கியிருந்தார். மாடிக்கு எப்படி இறங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் படிக்கட்டில் அவ்வளவு கூட்டம் நின்றிருக்காது.

அவரைப் பார்வையார் என்றார்கள். உள்ளே டாக்டர் போல வெள்ளைக் கோட்டு, அதன் மேல் மஞ்சள் சால்வை. படித்தவர்களுக்குக் கோட்டு, படிக்காதவர்களுக்குச் சால்வை. வாடிக்கையாளர்களில் எந்தப் பிரிவையும் புறக்கணிக்காத நல்ல மனது.

"கொழுப்பு வாய் வழியா போகுதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்று ஆரம்பிப்பார். கூட்டம் யோசிப்பது போல முகத்தை வைத்துக்கொள்ளும்.

"சாப்பாட்டை முதல்ல பார்க்கிறது எது? கண்ணு! பார்த்ததும் எச்சில் ஊறுதா இல்லையா? அப்பவே கொழுப்பு உள்ள நுழைஞ்சாச்சு. கண்ணைக் கட்டிக்கிட்டுச் சாப்பிட்டவனுக்குக் கொலஸ்ட்ரால் ஏறினதா எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. விஞ்ஞானம் நிரூபணமாகிவிட்டது. வரிசையில் நின்ற வேதியியல் பேராசிரியர்தான் முதலில் கைதட்டினார்.

பரிகாரம் எளிது. பார்வையார் விற்கும் மஞ்சள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எதை வேண்டுமானாலும் சாப்பிடலாம். கொழுப்பு லென்ஸிலேயே மாட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கண்ணாடியைக் கொண்டுவந்தால் வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டுவார். துணியில் மஞ்சளாக, பிசுபிசுவென்று ஒரு கறை விழும். "இது உங்க ரத்தத்துக்குப் போயிருக்க வேண்டியது!" என்பார். துடைப்பதற்குக் கட்டணம் தனி.

கறையைப் பார்த்துச் சிலர் அழுதார்கள். தன் கறைதான் பெரியது என்று இரண்டு பெரிய மனிதர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

இந்தக் கூட்டத்தில் என் சித்தப்பாவும் ஒருவர்.

சித்தப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர், கொலஸ்ட்ரால் எகிறிக் கிடப்பதாகச் சொல்லி மாத்திரை எழுதினார். பொரித்ததையும் வெண்ணெயையும் குறைத்து, ஓட்ஸ், பீன்ஸ், பருப்பு, பழம், காய்கறி என்று சாப்பிட்டுத் தினமும் நடக்கச் சொன்னார். சித்தி அப்படியே செய்து கொடுத்தாள். சித்தப்பா ஓட்ஸ் கிண்ணத்தைப் பார்த்த மாதிரி, பகையாளி வீட்டுக் கல்யாணப் பத்திரிகையைக் கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"என்னடி இது, சுவருக்கு அடிக்கிறதா?"

"சாப்பிடுங்க. சுவரு நல்லாத்தான் நிக்குது."

அப்படிப்பட்டவருக்குப் பார்வையார் கிடைத்தால் விடுவாரா? பழைய பவர் கண்ணாடி மேசை இழுப்பறைக்குப் போனது. மாத்திரை குப்பைக் கூடைக்குப் போனது. மாத்திரை சாப்பிட்டால் லென்ஸ் கோபித்துக்கொள்ளுமாம். மஞ்சள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தட்டை நேருக்கு நேர் பார்த்தபடி, பொரித்த கோழியை ஒரு விஞ்ஞானியின் கடமையுணர்ச்சியோடு சாப்பிட்டார்.

மஞ்சள் கண்ணாடியில் பவர் என்று ஒன்று கிடையாது. சித்தப்பாவுக்கோ கண்ணாடி இல்லாவிட்டால் எதிரே வருவது லாரியா மாமியாரா என்றே தெரியாது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்த பெண்தான் பாவம், ரோட்டையும் பார்த்து, அவருக்குச் செய்தியும் வாசித்தாள்.

"சார், சிவப்பு விழுந்திருச்சு."

"எனக்குத் தெரியும்மா. உனக்குத் தெரியுதான்னு பார்த்தேன்."

"சார், அது தபால் பெட்டி. அதுக்கா ஹாரன் அடிக்கச் சொன்னீங்க?"

"குறுக்க வந்தா என்ன பண்ணுவே?"

சிரிப்பு அதோடு நின்றிருக்கலாம். ஒரு நாள் வீட்டுப் படியேறும்போது சித்தப்பா பாதியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் கை. நெற்றியெல்லாம் வியர்வை. சித்தி விசிறிக்கொண்டே சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்குப் போலாங்க. எழுந்திருங்க."

"ஒண்ணுமில்லடி. லென்ஸ் நிரம்பிடுச்சு. துடைச்சா சரியாயிடும்."

சித்தி அழவில்லை, கத்தவில்லை. அவள் பியூட்டி பார்லர் வைத்திருப்பவள். முகத்தைப் பார்த்ததும் எதைச் சொன்னால் எடுபடும், எதைச் சொன்னால் எடுபடாது என்று தெரியும். இந்த முகத்திடம் டாக்டர் பேச்சு எடுபடாது. வலி கொஞ்சம் அடங்கியதும் பார்வையாரின் மாடிக்கே அழைத்துப் போனாள். வழியில் பார்லருக்குள் நுழைந்து ஒரு துணிப் பையை எடுத்துக்கொண்டாள்.

முதல் வாரமே அவள் பார்வையாரிடம் தனியாக ஒரு கண்ணாடி வாங்கியிருந்தாள். அந்த வியாபாரம் இப்படி நடந்தது:

"கண்ணை டெஸ்ட் பண்ணாம எப்படிங்க கண்ணாடி தருவீங்க?"

"இது கண்ணுக்கான கண்ணாடி இல்லம்மா, கொழுப்புக்கு."

"மூக்குல நிக்காம வழுக்குதே?"

"மூக்குல கொழுப்பு இறங்கினா நின்னுடும்."

"லென்ஸ் கீறல் விழுந்தா மாத்தித் தருவீங்களா? பில் உண்டா?"

"நம்பிக்கைக்கு யாராவது பில் போடுவாங்களா, தாயே?"

நல்ல கண்ணாடிக் கடையில் கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாவற்றையும் கேட்டு, ஒன்றுக்குக் கூட பதில் கிடைக்காமல், அவள் அதை வாங்கினாள். அது யார் மூக்கில் ஏறியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

அன்று மாடியில் நிற்க இடமில்லை. வார்னிஷ் வாசனைக்கும் வியர்வைக்கும் நடுவே பார்வையார் துடைத்துக்கொண்டிருந்தார். சித்தி நேராக முன்னால் போய்த் தன் கண்ணாடியை நீட்டினாள்.

"இது யாரோடது தாயே?"

"என் பார்லர்ல இருக்கிறவங்களோடது. வாங்கின நாள்லேர்ந்து கழட்டவே இல்ல."

"நல்ல பக்தி. உடற்பயிற்சி உண்டா?"

"ஒரு அடி நடந்து நான் பார்த்ததில்லங்க. வெச்ச இடத்துல இருப்பாங்க."

கூட்டம் 'உச்' கொட்டியது.

"என்ன சாப்பிடறாங்க?"

"என் கண்ணெதிர்ல ஒண்ணுமே சாப்பிட்டதில்ல."

"திருட்டுத் தீனி!" பார்வையார் விரலை உயர்த்தினார். "பேச்சு எப்படி?"

"வாயே திறக்க மாட்டாங்க."

"திறந்தா வெண்ணெய் வாசனை வந்துடுமே! இந்த மாதிரி ஊமைக் கொழுப்புதான் ஆளையே முடிக்கும்."

லென்ஸைத் துடைத்தார். துணியை விரித்தார். அப்பப்பா! ரொட்டிக்குத் தடவலாம் போல இருந்தது. முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

"பார்த்தீங்களா? இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா நெஞ்சு வெடிச்சிருக்கும்!"

"நெஞ்சா? அவங்களுக்கு நெஞ்சே கிடையாதுங்களே."

"அவ்வளவு இரக்கமில்லாதவங்களா?"

"நீங்களே பாருங்க" என்று சித்தி பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அது ஒரு தெர்மோகோல் தலை. பார்லரில் வேலைக்குச் சேர்கிற பெண்கள் முடி அலங்காரம் பழகுவதற்கு, விக் மாட்டி வைத்திருக்கும் தலை. ஒரு பக்கம் சுருள், மறுபக்கம் பின்னல். உதட்டில் சாயம். கழுத்துக்குக் கீழே சுத்தமாக ஒன்றுமில்லை.

பார்வையார் அந்தத் தலையைப் பார்த்தார். அது அவரைப் பார்த்தது. இருவரில் யார் முகத்தில் அதிக உணர்ச்சி இருந்தது என்று சொல்வது கடினம்.

ஆனால் தொழில் தெரிந்தவரை லேசாக நினைக்கக் கூடாது. அவர் தொண்டையைச் செருமினார். "தெர்மோகோலை எதுலேர்ந்து செய்றாங்க?"

"பெட்ரோலியத்திலிருந்து" என்றார் வேதியியல் பேராசிரியர், பழக்க தோஷத்தில்.

"பெட்ரோலியம்னா என்ன? எண்ணெய்! எண்ணெய்னா?"

"கொழுப்பு!" என்று கூட்டம் கத்தியது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. சித்தப்பாவும் தட்டினார்.

சித்தி கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு மேசைமேல் அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். "இது புதுசு. யார் மூக்கும் ஏறல. சரிதானே? நான் துடைக்கிறேன்." தன் கைக்குட்டையால் துடைத்து உயர்த்திக் காட்டினாள். வெள்ளை வெளேர். "இப்போ இதையே நீங்க துடைங்க."

"எனக்குக் கை வலிக்குது."

"ஒரு துடைப்புங்க."

"இன்னிக்குக் கோட்டா முடிஞ்சுது."

அப்போதுதான் சித்தப்பா முகம் மாறியது. காலமெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மற்றவர்கள் கையைக் கவனித்தே சம்பாதித்தவர் அவர். கண் மங்கலாக இருந்தாலும், மேசைக்கு மேலே இருக்க வேண்டிய ஒரு கை கீழே போவது தெரிந்துவிட்டது.

"ஏய், கை எங்க போகுது? ரெண்டு கையும் மேல வை!" என்று வகுப்பில் அதட்டுகிற அதே குரலில் அதட்டினார்.

பார்வையார் தன்னையறியாமல் இரண்டு கைகளையும் தூக்கினார், ஸ்டியரிங்கைப் பிடிக்கிற மாதிரி. வலது கட்டைவிரல் பளபளவென்று மின்னியது. சித்தப்பா அதைப் பிடித்துப் புதுக் கண்ணாடியில் ஒரு இழுப்பு இழுத்து, துணியால் துடைத்தார். மஞ்சள்.

முன்வரிசை அம்மாள் குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். வெண்ணெய். மேலே "உப்பு சேர்க்காதது" என்று எழுதியிருந்தது. ரத்த அழுத்தம் விஷயத்தில் பார்வையார் ஜாக்கிரதையானவர்.

"இதையாய்யா என் ரத்தத்துலேர்ந்து எடுத்தேன்னு காட்டினே?" சித்தப்பா துணியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "மாத்திரையைத் தூக்கி எறிஞ்சேனேய்யா!"

பார்வையார் சால்வையை மடித்தார், கோட்டைக் கழற்றினார். படித்தவர், படிக்காதவர் இரு தரப்பாருக்கும் பொதுவான ஒரு உருவத்தில் பின்வாசலைத் தேடினார். அங்கே வரிசையில் முதலில் நிற்பதற்காக விடியலிலேயே வந்து, துடைப்புக் கட்டணமும் கட்டி முடித்தவர்கள் நின்றிருந்தார்கள். போலீஸ் வரும்வரை அவரை அவர்கள் மிகவும் மரியாதையாகப் பிடித்து வைத்திருந்தார்கள்.

சித்தப்பா மஞ்சள் கண்ணாடியைக் கழற்றினார். சித்தி நின்ற திசையை உத்தேசமாகப் பார்த்துக் கேட்டார்: "டாக்டர் இப்போ இருப்பாரா?"

"இருப்பார். நடங்க. மெதுவா."

ஆஸ்பத்திரியில் டாக்டர் இதயத்தைப் பரிசோதித்து, நல்ல வேளையில் வந்தீர்கள் என்று சொல்லி, அதற்குப் பிறகு வெகுநேரம் நல்ல வார்த்தை எதுவும் சொல்லவில்லை. மாத்திரை திரும்பியது. ஓட்ஸ் திரும்பியது. கண் பரிசோதனை செய்து, பவர் சீட்டைக் கையில் வாங்கி, மூன்று கடையில் விலை விசாரித்து, காதிலும் மூக்கிலும் சரியாக உட்கார்ந்த ஒரு ஃபிரேமைப் பில்லோடு வாங்கினார்கள். அதன் வழியாக முதல்முதலாக ஓட்ஸைப் பார்த்த சித்தப்பா, "கிட்டத்துல இன்னும் மோசமா இருக்குடி" என்றார். சாப்பிட்டார்.

அன்று மாடியை விட்டு இறங்குவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாவிட்டால் கூட்டத்துக்கு நான் துரோகம் செய்தவனாவேன்.

சித்தி தலையை எடுக்கக் கையை நீட்டினாள். முடியவில்லை. அதைச் சுற்றி ஒரு வரிசை உருவாகியிருந்தது. ஒருவர் அதன் முன்னால் கைகட்டி நின்றார். ஒருவர் மெதுவாகச் சுருள் முடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் சித்தி.

"அவங்க ரத்தத்துல கொழுப்பே இல்லைன்னு நீங்கதானேம்மா நிரூபிச்சீங்க" என்றார் வேதியியல் பேராசிரியர் பயபக்தியோடு. "இப்படி இருக்க என்ன செய்யணும்னு ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்."

சித்தி தலையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். "அது தெர்மோகோல் சார். யோசிக்க முடியாம இருக்கிறதுக்கு அதுக்கு ஒரு காரணம் இருக்கு. உங்களுக்கு?"

பேராசிரியர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி. முதல் தடவை அல்லவா, கொஞ்சம் நேரம் பிடிக்கும்.